குப்பியை வகுப்புக்குள் கொண்டுவாருங்கள்: குழுவழிக் கற்றல் நடத்தும் முறை

ஆறு பேருக்குச் சேர்த்து ஒரு அசைன்மென்ட் கொடுத்தால் என்ன நடக்கும் என்று விரிவுரையாளர்களான நமக்கெல்லாம் தெரியும். ஒருவர் கூகிளில் தேடுவார், ஒருவர் தட்டச்சு செய்வார், ஒருவர் யாழ். பல்கலைக்கழகத்துக்குக் கிட்டவுள்ள பரமேஸ்வராச் சந்தியில் பிரின்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுக்கொண்டு வருவார், மிச்ச மூன்று பேரின் பெயரும் பதிவிலக்கமும் முன்பக்கத்தில் இருக்கும். புள்ளி ஆறு பேருக்கும் ஒன்றுதான். நாமும் "குழுச் செயற்பாடு நடத்தப்பட்டது" என்று பாடநெறிக் கோப்பில் எழுதி வைத்துவிடுவோம்.

அதே ஆறு பேர் பரீட்சைக்கு முதல் கிழமை குப்பி (மாணவர்கள் தமக்குள் கூடிப் படிப்பிக்கும் வகுப்பு) வைப்பதைப் போய்ப் பாருங்கள். விளங்கின ஒருத்தன் அல்லது ஒருத்தி பலகைக்கு முன்னால் நிற்க, மற்றவர்கள் இடையில் புகுந்து கேட்க, "இல்லையடா, அது அப்படி வராது" என்று சண்டை பிடித்து, கொப்பியைப் புரட்டி, நாம் இரண்டு மணித்தியாலம் சிலைட் போட்டும் ஏறாத விடயத்தை அரை மணித்தியாலத்தில் பிடித்துவிடுவார்கள். ஒருவருக்கொருவர் படிப்பிக்கிற பழக்கம் நம்முடைய பட்ச்சுகளில் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் கடைசிக் கிழமையில், நாம் இல்லாத இடத்தில் நடக்கிறது. அதை ஒவ்வொரு அலகின் தொடக்கத்துக்கும் நம் கண்முன்னுக்கும் கொண்டுவரும் ஒழுங்குதான் குழுவழிக் கற்றல்.

இந்த முறையை உருவாக்கியவர் லாரி மைக்கேல்சன், அமெரிக்காவின் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் வணிகம் படிப்பித்தவர். 1970களின் பிற்பகுதியில் அவருடைய வகுப்பு 40 பேரிலிருந்து 120 பேராகப் பெருத்துவிட்டது. அதுவரை கலந்துரையாடலாக நடத்திய பாடத்தைப் பெரிய மண்டபத்தில் விரிவுரையாக மாற்ற மனமில்லாமல் இந்த ஒழுங்கைக் கட்டினார். பிறகு மருத்துவக் கல்லூரிகள் எடுத்துக்கொண்டன. சிங்கப்பூரின் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரி தன் பாடத்திட்டத்தையே இதன் ஒரு வடிவத்தில்தான் நடத்துகிறது. அதனால் "பெரிய வகுப்புக்கு இது சரிவராது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இது பெரிய வகுப்புக்காகவே பிறந்தது.

குழுவை நீங்களே பிரியுங்கள்

ஒரு குழுவுக்கு 5 முதல் 7 பேர். 60 பேர் இருந்தால் பத்துக் குழு, ஆறாறு பேர். பருவம் முழுக்க அதே குழுதான், நடுவில் கலைக்கவே கூடாது, ஏனென்றால் முதல் இரண்டு மூன்று கிழமை எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டுதான் இருப்பார்கள், "நீ சொல்லுறது பிழை" என்று முகத்துக்கு நேரே சொல்கிற அளவுக்குப் பழக்கம் வர நாள் எடுக்கும்.

அவர்களையே பிரியச் சொன்னால் ஒரே பள்ளிக்கூடம், ஒரே விடுதி அறை, ஒரே ரியூசன் வகுப்பு என்று ஒட்டிக்கொள்வார்கள், கடைசியில் யாரும் சேர்க்காத ஐந்து பேர் ஒரு குழுவாக மிஞ்சுவார்கள், அந்தக் குழு பருவம் முழுக்க உங்களைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அது வேண்டாம். நீங்கள் பிரிக்க வேண்டும், அதையும் எல்லாருக்கும் தெரியப் பிரிக்க வேண்டும். மண்டபத்தின் சுவரோரமாக வரிசையில் நிற்கச் சொல்லுங்கள். பாடத்துக்கு எது பெறுமதியோ அந்த ஒழுங்கில்: புள்ளிவிபரவியல் பாடம் என்றால் உயர்தரத்தில் கணிதம் செய்தவர்கள் முதலில், அப்புறம் வணிகம், அப்புறம் கலை, வேலை செய்த அனுபவம் உள்ளவர்களை அதற்கும் முன்னால் விடலாம். பிறகு ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணிக்கொண்டே போங்கள். ஒரே எண் சொன்னவர்கள் ஒரு குழு. யாரும் "சேர் வேணுமென்று செய்தவர்" என்று சொல்ல முடியாது.

இரண்டு விடயத்தில் மட்டும் எண்ணி முடித்த பிறகு கை வையுங்கள். ஐந்து பெடியளுக்கு நடுவில் ஒரு பெட்டையைத் தனியே விடாதீர்கள். தெற்கிலிருந்து வந்த சிங்கள மாணவர்கள் வகுப்பில் இருந்தால் அவர்களையும் ஒவ்வொருவராகத் தூவாமல் ஒரு குழுவுக்கு இரண்டு பேராக வையுங்கள். தனியே விடப்பட்டவர் வாய் திறக்க மாட்டார்.

வாசிக்கக் கொடுப்பது

பதினைந்து, இருபது பக்கம் போதும். ஐம்பது பக்க அத்தியாயத்தைப் பீடிஎஃப் ஆக வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு "வாசித்துக்கொண்டு வாருங்கள்" என்றால் ஒருவரும் வாசிக்க மாட்டார்கள், வாசித்தவரும் எது முக்கியம் என்று தெரியாமல் நிற்பார். எந்தப் பக்கங்கள், எந்தப் படம், எதைத் தாண்டிப் போகலாம் என்று அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். நோட்ஸ் சொல்லிக் கொடுத்து, கடந்தகால வினாத்தாள் செய்யவைத்துத்தான் ரியூசனில் இவர்களை உயர்தரத்துக்குத் தயார் செய்திருக்கிறார்கள். தாமாக வாசித்து விளங்கிக்கொள்வது முதலாம் வருடத்துக்குப் புதுசு. திட்டிப் பிரயோசனம் இல்லை.

தயார்நிலைப் பரீட்சை: முதலில் தனியே, உடனே குழுவாக

ஒவ்வொரு அலகின் முதல் வகுப்பும் பத்துக் கேள்வி பல்தேர்வோடு தொடங்கும். தனியே, புத்தகம் மூடி, பதினைந்து நிமிடம். விடைத்தாளை வாங்கிக்கொண்டு, விடை எதையும் சொல்லாமல், அதே பத்துக் கேள்வியைக் குழுவுக்கு ஒரு தாளாகத் திரும்பக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டாவது சுற்றில்தான் உண்மையான படிப்பு நடக்கிறது. ஒருவர் பி என்கிறார், மூவர் டி என்கிறார்கள், ஒரு குழுவுக்கு ஒரு விடைதான் குறிக்கலாம், அப்போது பி சொன்னவர் தன் காரணத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 1989 இல் மைக்கேல்சனும் இன்னும் இருவரும் வெளியிட்ட ஆய்வில் 222 குழுக்களைப் பார்த்தார்கள். அவற்றில் 97 வீதமானவை குழுப் பரீட்சையில் தங்கள் குழுவின் மிகக் கெட்டிக்காரரைவிடக் கூடப் புள்ளி எடுத்திருந்தன. முதல் பரீட்சை முடிந்ததும் உங்கள் வகுப்பின் எண்களையும் பெயர் சொல்லாமல் பலகையில் போட்டுக் காட்டுங்கள், "நான் தனியே செய்திருந்தால் கூட எடுத்திருப்பேன்" என்கிற முணுமுணுப்பு அதோடு குறைந்துவிடும்.

விடை சரியா பிழையா என்பது குழுவுக்கு அந்த இடத்திலேயே தெரிய வேண்டும். அதற்கென்றே சுரண்டும் அட்டைகள் வெளிநாட்டில் விற்கிறார்கள், நாம் முன்பு ரீலோட் கார்ட் சுரண்டினோமே, அதேபோல: சரியான பெட்டியைச் சுரண்டினால் நட்சத்திரம் தெரியும், இல்லாவிட்டால் வெறுமை, திரும்பவும் கதைத்து அடுத்ததைச் சுரண்ட வேண்டும். முதல் தடவையில் பிடித்தால் 4 புள்ளி, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 1, பிறகு பூச்சியம். அட்டைக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஒரு ஏ4 தாளில் பத்து வரிசை, வரிசைக்கு நாலு பெட்டி, சரியான பெட்டியில் சின்ன நட்சத்திரம், ஒவ்வொரு பெட்டிக்கும் மேல் உள்ளே தெரியாத ஒரு துண்டு ஒட்டுத்தாள். உரித்தால் திரும்ப ஒட்டி ஏமாற்றக்கூடாது என்பதற்காக உரித்த துண்டைத் தாளின் பின்பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியிலும் செய்யலாம்தான், ஆனால் ஆறு தலையும் ஒரு தாளுக்கு மேல் குனிவதற்கும், ஆளாளுக்குத் திரையைப் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது, கரண்ட் போனாலும் தாள் வேலை செய்யும்.

கேள்விகளைப் பற்றி ஒன்று. உயர்தர விஞ்ஞானப் பாடங்களில் 50 பல்தேர்வும் ஐந்து விடையுமாகப் பழகி வந்தவர்கள் இவர்கள், அபத்தமான விடைகளை வெட்டிவிட்டு மிஞ்சியதைக் குறிப்பதில் விண்ணர்கள். ஆகவே பிழையான விடைகளை உங்கள் மாணவர்கள் உண்மையிலேயே குழம்புகிற இடத்திலிருந்து எடுங்கள். "நைத்திரேற்றுக் கூடிய கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கத் தக்கதாக்க எது உதவும்?" என்று கேட்டு, கொதிக்கவைத்தல், குளோரின் இடுதல், மணல் வடி, ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) இயந்திரம் என்று நாலைக் கொடுத்தால், பாதி வகுப்பு கொதிக்கவைத்தலில் போய் விழும், ஏனென்றால் வீட்டில் அம்மம்மா சொல்லி வளர்த்தது அது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகி நைத்திரேற்றின் செறிவு கூடத்தான் செய்யும் என்று குழுவில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும், அவர் மற்றவர்களை மாற்றப் படுகிற பாட்டைத் தள்ளி நின்று கேளுங்கள்.

குழுச் சுற்று முடிந்ததும் முறையீடு. ஒரு கேள்வி பிழை அல்லது இரண்டு பொருள் தருகிறது என்று நினைக்கும் குழு, வாசிப்பிலிருந்து ஆதாரம் காட்டி, கேள்வி எப்படி இருந்திருக்க வேண்டும் என்று திருத்தியும் எழுதித் தர வேண்டும். வாயால் வாதாட இடமில்லை. ஏற்றுக்கொண்டால் எழுதிய குழுவுக்கு மட்டும் புள்ளி. இது மாணவர்களுக்குச் சலுகை மாதிரித் தெரியும், ஆனால் பிழைவிட்ட பகுதியை இவ்வளவு உன்னிப்பாக அவர்கள் வேறு எப்போதும் வாசிக்க மாட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு எந்த இரண்டு மூன்று இடங்களில் எல்லாக் குழுவும் இடறியதோ அவற்றை மட்டும் பத்து நிமிடம் விளக்குங்கள். மிச்சம் அவர்களுக்குத் தெரியும் என்பதைத்தான் இப்போது பார்த்தீர்களே.

பிரித்துச் செய்ய முடியாத கேள்வி

இந்த முறை நிற்பதும் விழுவதும் இங்கேதான், ஆகவே நேரம் செலவழிக்க வேண்டியதும் இங்கேதான். பரீட்சை முடிந்த பிறகு வரும் வகுப்புகள் எல்லாம் பிரயோகக் கேள்விகள். அதற்கு நாலு நிபந்தனை சொல்வார்கள்: பிரச்சினை பெறுமதியானதாக இருக்க வேண்டும், எல்லாக் குழுவுக்கும் ஒரே பிரச்சினை, விடை ஒரு குறிப்பான தெரிவாக இருக்க வேண்டும், எல்லாரும் ஒரே நேரத்தில் விடையைக் காட்ட வேண்டும்.

சரி, உதாரணத்துக்கு வலிகாமத்துக் கிணறுகளையே எடுப்போம். வழக்கமாக நாம் கொடுப்பது: "யாழ்ப்பாணக் குடாநாட்டு நிலத்தடி நீர் மாசடைவதற்கான காரணங்களையும் தீர்வுகளையும் குழுவாக ஆராய்க." இதை வாங்கின கையோடு "நீ காரணம், நான் தீர்வு, அவள் பிரசன்டேசன்" என்று பிரித்துக்கொண்டு கலைந்துவிடுவார்கள், கலைந்து போவதற்கு இடம் கொடுக்கும் கேள்வி அது. கொஞ்சம் திருத்தி "மிக முக்கியமான காரணம் எது?" என்று கேட்டால் பரவாயில்லை, ஆனால் புத்தகத்தில் விடை இருக்கும், கெட்டிக்காரர் ஒருவர் சொல்ல மற்றவர்கள் எழுதுவார்கள். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"செம்மண் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சின்னக் குடியிருப்பு. கீழே சுண்ணாம்புக்கல். எல்லாரும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் செய்கிறார்கள், வீட்டுக் காணிகள் சிறியவை, மலசலகூடக் குழியும் கிணறும் கிட்டக் கிட்ட. ஐந்து கிணற்றில் நைத்திரேற்று லீற்றருக்கு 70 மில்லிகிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு 50. மூன்று வீட்டில் கைக்குழந்தைகள். பிரதேச சபையிடம் இந்த வருடம் ஒரு வேலைக்குத்தான் காசு இருக்கிறது. எதை முதலில் செய்வீர்கள்? ஏ: குழந்தை உள்ள வீடுகளுக்குப் பவுசரில் தண்ணீர். பி: கிணற்றுக்குக் கிட்டவுள்ள குழிகளைக் கசியாதபடி மாற்றிக் கட்டுதல். சி: உர அளவைக் குறைக்கத் தோட்டக்காரர்களுக்கு மண் பரிசோதனையும் ஆலோசனையும். டி: பொது இடத்தில் ஒரு ஆர்.ஓ. இயந்திரம்."

இதில் நாலுக்கும் வாதம் உண்டு, நாலிலும் ஓட்டை உண்டு. பவுசர் இன்றைக்கே குழந்தையைக் காப்பாற்றும், காசு முடிந்ததும் நின்றுவிடும். குழியைக் கட்டினால் உரத்திலிருந்து வருவது அப்படியே இருக்கும். உரத்தைக் குறைத்தாலும் ஏற்கெனவே கீழே இறங்கியது உடனே போய்விடாது. ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கிற உப்புக் கூடிய தண்ணீரை எங்கே விடுவது, அதுவும் அதே நிலத்துக்குள்தானே போகும்? இதைப் பிரித்துச் செய்ய வழியே இல்லை. ஆறு பேரும் ஒரு எழுத்தில் வந்து நிற்க வேண்டும். வந்து நிற்பதற்கு நீரியல், மண், சுகாதாரம், காசு எல்லாம் மேசைக்கு வரும், அவர்கள் வாசித்ததும் வரும், அப்பாவின் தோட்டமும் வரும்.

இது விஞ்ஞானத்துக்குத்தான் ஒத்துவரும் என்று தமிழ்த்துறையில் இருப்பவர்கள் ஒதுங்க வேண்டாம். கடற்கரையும் புன்னையும் வருகிற, ஆனால் உள்ளே களவுப் புணர்ச்சி பேசப்படுகிற ஒரு சங்க அகப்பாடலை எடுங்கள், துறைக்குறிப்பை மறைத்துவிட்டு, இது குறிஞ்சியா, நெய்தலா, திணை மயக்கமா, எதை வைத்து முடிவு செய்வீர்கள் என்று கேளுங்கள். முதற்பொருள் ஒரு பக்கம் இழுக்கும், உரிப்பொருள் மறுபக்கம் இழுக்கும். கணக்கியலில் ஒரு கடைக்காரரின் ஐந்தொகையைக் கொடுத்து, வங்கி முகாமையாளராக இருந்தால் இந்தக் கடனைக் கொடுப்பீர்களா என்று கேட்கலாம், ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். பட்டியல் போடச் சொல்லாதீர்கள், தெரிவு செய்யச் சொல்லுங்கள்.

விடையை ஒரே நேரத்தில் காட்டுவதற்குப் பழைய கலண்டர் மட்டையின் பின்பக்கத்தில் ஏ, பி, சி, டி என்று பெரிதாக எழுதிய நாலு அட்டை குழுவுக்குக் கொடுத்தால் போதும். மூன்று எண்ணியதும் எல்லாக் குழுவும் தூக்க வேண்டும். ஒவ்வொரு குழுவாகக் கேட்டால் இரண்டாவது குழுவிலிருந்து எல்லாரும் "நாங்களும் அவை சொன்னதுதான் சேர்" என்று முடித்துவிடுவார்கள். தூக்கிய பிறகு உங்கள் வேலை விடை சொல்வது இல்லை, கேள்வி கேட்பது:

"ஐந்தாம் குழு, நீங்கள் மட்டும் பி காட்டியிருக்கிறீர்கள். பவுசரை ஏன் விட்டீர்கள்?"

"சேர், பவுசர் ஒவ்வொரு வருசமும் கேட்க வேணும். குழி ஒருக்காக் கட்டினால் சரி."

"இரண்டாம் குழு, அந்தக் குழி கட்டி முடியும் வரைக்கும் குழந்தை என்ன குடிக்கும் என்று அவையிட்டயே கேளுங்கோ."

இதற்குப் பிறகு நீங்கள் பேசாமல் இருந்தால் போதும். முதலே யார் பேசுவார் என்று தெரியக்கூடாது, குழுவில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லி வையுங்கள். சத்தம் வரும். பக்கத்து மண்டபத்தில் விரிவுரை நடந்தால் கதவைச் சாத்திவிடுங்கள்.

மண்டபம், மொழி, புள்ளி

வாங்கு நிலத்தோடு பூட்டின படிக்கட்டு மண்டபம் கிடைத்தால் முன்வரிசையில் மூவர், பின்வரிசையில் மூவர் என்று ஒரு குழுவை இருத்தி, முன்னால் இருப்பவர்களைத் திரும்பி உட்காரச் சொல்லுங்கள். ஒரே வரிசையில் ஆறு பேர் இருந்தால் இரண்டு முனையில் இருப்பவர்களுக்கு நடுவில் என்ன நடக்கிறதென்றே தெரியாது. குழுவுக்கு ஒரு கோப்பு: உள்ளே விடைத்தாள், எழுத்தட்டைகள், முறையீட்டுப் படிவம், வரவுத் தாள். ஒருவர் வந்து எடுப்பார், முடிய அவரே திருப்பி வைப்பார்.

ஆங்கில மொழிமூலப் பாடம் என்றால் கேள்வித்தாள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், குழுவுக்குள் எந்த மொழியில் கதைக்கிறார்கள் என்பதில் தலையிடாதீர்கள். தமிழில் அடிபட்டுவிட்டு ஆங்கிலத்தில் நியாயம் எழுதுவது நல்ல பயிற்சி. சிங்களம் பேசுகிறவர்கள் இருக்கும் குழுவில் ஆங்கிலம் தானாகவே வரும், உடைந்த ஆங்கிலமாக வந்தாலும் பரவாயில்லை.

புள்ளிக்கு முதலில் உங்கள் பீடத்தின் விதியைப் பாருங்கள். தொடர் மதிப்பீட்டுக்கு எவ்வளவு, அதை எப்படிப் பிரிக்கலாம் என்பது பாடநெறி ஆவணத்தில் இருக்கும், மாற்ற வேண்டுமென்றால் பீடச் சபையும் மூதவையும் தாண்ட வேண்டும், அதற்குப் பருவம் தொடங்கிய பிறகு நேரம் கிடைக்காது. தொடர் மதிப்பீடு 30 என்று வைத்துக்கொண்டால் தனிப் பரீட்சைகளுக்கு 10, குழுப் பரீட்சைகளுக்கு 10, பிரயோகத்துக்கு 5, சக மதிப்பீட்டுக்கு 5 என்று பிரிக்கலாம். தனிப் பரீட்சைக்குப் புள்ளி இல்லாவிட்டால் வாசித்துவரத் தேவையில்லை என்று ஆகிவிடும். குழுப் பரீட்சைக்கு இல்லாவிட்டால் கதைக்கத் தேவையில்லை என்று ஆகிவிடும்.

சக மதிப்பீடு நம் ஊரில் கஷ்டம். ஒவ்வொருவரும் மற்ற ஐந்து பேருக்கும் சேர்த்து 50 புள்ளியைப் பங்கிட வேண்டும் என்றால் எல்லாருக்கும் பத்துப் பத்தாகப் போட்டுவிட்டுச் சிரிப்பார்கள், சிநேகிதனுக்கு ஒன்பது போட யாருக்கு மனம் வரும். அதனால் குறைந்தது ஒருவருக்காவது 11, ஒருவருக்காவது 9 என்று மைக்கேல்சன் வைத்த விதியை விடாமல் பிடியுங்கள். அதற்குப் பிறகும் ஒருவருக்கு ஐந்து பேரும் 9 போட்டிருந்தால் அது தற்செயல் இல்லை. பெயர் தெரியாமல் இரண்டு வசனமும் எழுதச் சொல்லுங்கள்: இவர் செய்வதில் எது குழுவுக்கு உதவுகிறது, எதை மாற்றினால் இன்னும் உதவும். பருவத்தின் நடுவில் புள்ளி இல்லாமல் ஒருமுறை, முடிவில் புள்ளியோடு ஒருமுறை. நடுவில் செய்வதுதான் முக்கியம், திருந்துவதற்கு அப்போதுதான் கிழமைகள் இருக்கும்.

வராதவருக்கு என்ன செய்வது என்று கட்டாயம் கேட்பார்கள். தனிப் பரீட்சைக்கு வராதவருக்கு அன்றைய குழுப் புள்ளியும் இல்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஆகக் குறைந்த ஒரு பரீட்சைப் புள்ளியைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடலாம், காய்ச்சல், பஸ் ஓடாத நாள், வீட்டில் சாவு எல்லாம் அதற்குள் அடங்கிவிடும், உங்களிடம் மருத்துவச் சான்றிதழோடு வந்து நிற்கிற கூட்டமும் குறையும்.

முதல் தடவை முழுப் பாடநெறியையும் மாற்ற வேண்டாம். ஒரு அலகு, இரண்டு கிழமை, பத்து பல்தேர்வும் இரண்டு பிரயோகக் கேள்வியும். பிரயோகக் கேள்விகளை முதலில் எழுதுங்கள், அவற்றுக்கு விடை காண என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பார்த்துப் பல்தேர்வை எழுதுங்கள், அதற்கும் பிறகுதான் வாசிப்பைத் தெரிவு செய்யுங்கள். எழுதிய பிரயோகக் கேள்வியைத் துறையில் இரண்டு பேருக்குக் காட்டி ஒரு எழுத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். இருவரும் யோசிக்காமல் ஒரே எழுத்தைக் குறித்தால் கேள்வியைத் திரும்ப எழுத வேண்டும்.